நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டிய மருந்து: ஆறு ஆண்டு இன்ஹேலர் அனுபவம்

எனக்கு ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமா. என் படுக்கைக்குப் பக்கத்தில் ஆறு ஆண்டுகளாக நான்கு பொருள்கள் இருக்கின்றன. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர், மூச்சு முட்டினால் மட்டும் எடுக்கும் நிவாரண இன்ஹேலர், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குழல், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். இவற்றில் நான் தொடக்கத்தில் நம்பியது நிவாரண இன்ஹேலரை மட்டும்தான். எடுத்த சில நிமிடங்களில் நெஞ்சு தளர்ந்துவிடும். நம்பாமல் எப்படி இருப்பது? தடுப்பு இன்ஹேலரை எடுத்தால் அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. அதனாலேயே அதை வெகுகாலம் அலட்சியமாக வைத்திருந்தேன்.

எனக்கு ஒவ்வாமை எதனால் என்பது தோல் பரிசோதனையில் தெரிந்தது. முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு இடங்கள் கொசுக்கடி போலத் தடித்தன. ஒன்று, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வைத்த ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள். அது எல்லோருக்கும் தடிக்கும். மற்றொன்று தூசுப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி கடிப்பதில்லை. மெத்தையிலும் தலையணையிலும் உதிர்ந்த தோல் துகள்களைத் தின்று வாழ்கிறது. அதன் கழிவுதான் மூச்சோடு உள்ளே போய்த் தொல்லை தருகிறது.

உள்ளே நடப்பதை மருத்துவர் விளக்கியபோதுதான் தடுப்பு மருந்தின் வேலை எனக்குப் புரிந்தது. ஒவ்வாத பொருளைக் கண்டதும் உடல் தயாராக வைத்திருக்கும் ஐஜிஇ (IgE) என்னும் எதிர்ப்பொருள்கள் சில செல்களைத் தூண்டிவிடுகின்றன. அவை ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது. நிவாரண இன்ஹேலர் இறுகிய தசையைத்தான் தளர்த்துகிறது. வீக்கம் அப்படியே இருக்கிறது. வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர். அதன் முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆஸ்துமாவுக்கு நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று ஜினா என்னும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019 முதல் சொல்லிவருகிறது.

புரிந்த பிறகும் ஒரு தவறு செய்தேன். இரண்டாம் ஆண்டில் நான்கு மாதம் தொல்லையே இல்லாமல் இருந்ததால், யாரையும் கேட்காமல் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் பீக் ஃப்ளோ மீட்டரில் எண் இறங்கத் தொடங்கியது. எழுந்து நின்று, மூச்சை முழுதும் இழுத்து, முடிந்தவரை வேகமாக ஒரே மூச்சில் ஊதினால் முள் நகரும்; மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். என் மிகச் சிறந்த எண் 480. அது 450 ஆயிற்று, 420 ஆயிற்று, ஒரு காலை 370இல் நின்றது. 480இல் 80 சதவீதம் 384. அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை. ஆனால் அன்று மாடிப்படி ஏறியபோது எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணினேன். இரண்டாம் நாள் பின்னிரவில் நெஞ்சுக்குள் விசில் சத்தத்தோடு எழுந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடல் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே அந்த முள் சொல்லியிருந்தது. அன்றிலிருந்து குறிப்பேட்டில் ஒரு காலையும் விடுபடவில்லை.

அந்தக் குறிப்பேட்டால் இன்னொன்றும் தெரிந்தது. பிற்பகலில் அலமாரி தூசி தட்டிய நாள்களில் எனக்கு மூச்சிரைப்பு வந்தது இரவில். ஒவ்வாமையின் இரண்டாம் அலை நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்தும் வருமாம். அதுவரை இரவுக் குளிரைத்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

ஸ்பேசரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது இல்லாமல் எடுத்தபோது மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்தது, குரல் கம்மிப்போனது. இரண்டு ஆண்டுகளாக யாரும் என்னை இன்ஹேலர் எடுத்துக் காட்டச் சொல்லவில்லை. ஒரு செவிலியர்தான் முதன்முதலில் கேட்டார். நன்றாகக் குலுக்கி, ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்கி, அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது விட வேண்டும். நான் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தேன்! பொடி வகை இன்ஹேலருக்கு இது பொருந்தாது. அதை வேகமாக இழுக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி, மருந்து குழலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எடுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். வாயில் வெண்படலம் வராமல் இருக்கும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கு நானும் பயந்தவன்தான். இன்ஹேலரில் உள்ளது மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு. தடுப்பு மருந்தைத் தவிர்த்து, நோய் முற்றி மாத்திரைக்குப் போவதுதான் பயப்பட வேண்டியது.

காற்றுச் சுத்திகரிப்பான் எனக்குப் பெரிதாக உதவவில்லை. தூசுப் பூச்சிக் கழிவு காற்றில் நெடுநேரம் மிதக்காமல் கீழே படிந்துவிடும். மெத்தை உறையும் தனியாகப் பலன் தரவில்லை. படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் வாராவாரம் துவைப்பதையும், அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைப்பதையும் சேர்த்துச் செய்த பிறகே காலைத் தும்மல் குறைந்தது.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண இன்ஹேலர் கேட்காவிட்டாலோ தயவுசெய்து வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்த முறையும் பல மாதம் நன்றாக இருந்தேன். ஆனால் நானாக நிறுத்தவில்லை. குறிப்பேட்டை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்தார். குறைத்து மூன்று மாதம் ஆகிறது. இன்று காலை முள் 470இல் நின்றது.