737-ஐ பி-8ஐ ஆக்குவதா, எம்ப்ரேயரை நேத்ரா ஆக்குவதா? கிட்டை மாற்றிக் கட்டுபவர்களுக்கு ஓர் அலசல்

பயணிகள் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட்டை வாங்கி அதிலிருந்து ஒரு கண்காணிப்பு விமானம் கட்டுவது கொஞ்சம் வம்பான வேலைதான். ஆனால் நமக்கு அதில் ஒரு வசதி உண்டு. நம் படைகளின் கண்காணிப்பு விமானங்களில் பல, பயணிகள் விமானத்தின் உடம்பிலேயே உருவானவை. கடற்படையின் பி-8ஐ போயிங் 737-இலிருந்து வந்தது. விமானப்படையின் ராடார் விமானமான நேத்ரா எம்ப்ரேயர் 145-இலிருந்து வந்தது. கடலோரக் காவல்படை பறக்கவிடும் டோர்னியர் 228-இல் ஒரு காலத்தில் வாயுதூத் என்ற விமான நிறுவனம் பயணிகளை ஏற்றியது. பழைய கதைக்குப் போனால் ஏர் இந்தியாவின் சூப்பர் கான்ஸ்டலேஷன். கடலூரிலும் புதுச்சேரியிலும் மாடல் கட்டும் நண்பர்களுக்குள் எதை எடுக்கலாம் என்ற பேச்சு வந்தால் இந்த நான்கும்தான் அடிபடும்.

பெரும்பாலானவர்கள் எதையெல்லாம் புதிதாக ஒட்ட வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். எதையெல்லாம் அழிக்க வேண்டியிருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ராடார் கூடு செய்து ஒட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வரிசையாக இருக்கும் பயணிகள் ஜன்னல்களைத் தடம் தெரியாமல் மறைப்பதுதான் ஆளைக் கொல்லும்.

பி-8ஐ எல்லாருக்கும் முதல் ஆசை. 2009-இல் எட்டு விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, 2013 மே மாதம் முதல் விமானம் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் வந்து இறங்கியது. பின்னால் நான்கு சேர்ந்து இப்போது பன்னிரண்டு. வங்காள விரிகுடாவைச் சுற்றி வருவது அதன் அன்றாட வேலை என்பதால், கடலூர்க்காரர் அலமாரியில் அது நிற்பதற்கு நியாயம் இருக்கிறது. கிட்டுக்கும் பஞ்சமில்லை. 1/144 அளவில், அதாவது நிஜத்தில் 144-இல் ஒரு பங்காக, ரெவெல், ஸ்வெஸ்தா என்ற இரண்டு கிட் நிறுவனங்களுமே 737-800 போட்டிருக்கின்றன. பி-8-இன் நீளம் 39.47 மீட்டர், 737-800-இன் நீளமும் அதேதான். அதனால் உடம்பை வெட்டி ஒட்டும் தொல்லை இல்லை. கிட் கட்டி முடித்தால் நீளம் 274 மில்லிமீட்டர் வரும்.

சிக்கல் இறக்கையில். பயணிகள் விமானத்தில் நுனி மேல்நோக்கி வளைந்த விங்லெட் இருக்கும். பி-8-இல் அது கிடையாது. நுனி பின்னோக்கிச் சாய்ந்து கூராக முடியும். விங்லெட் இல்லாத 737-800-இன் இறக்கை விரிவு சுமார் 34.3 மீட்டர், பி-8-இன் விரிவு 37.64. வித்தியாசத்தை 144-ஆல் வகுத்தால் பக்கத்துக்கு பதினொன்றரை மில்லிமீட்டர் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு விங்லெட்டை மட்டும் வெட்டிப்போட்டு சாம்பல் பெயின்ட் அடித்தவர்களின் மாடலைப் பார்த்திருக்கிறேன். என்னமோ குறைகிறதே என்று தோன்றும், என்ன என்று சட்டென்று பிடிபடாது. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் முக்கோணம் வெட்டி, நுனியில் இரண்டு சின்னக் கம்பி முளைகள் வைத்துச் செருகி ஒட்டுங்கள். கம்பி இல்லாமல் விளிம்போடு விளிம்பு ஒட்டினால், உப்புத்தாள் போடும்போதே கழன்று கையோடு வரும்.

அப்புறம் வால். அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ-வில் இல்லாத ஒன்று நம்முடையதில் உண்டு: நீர்மூழ்கியின் காந்தத் தடத்தை மோப்பம் பிடிக்கும் கருவி வால் கூம்பிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நெட்டில் கிடைக்கும் பி-8 படங்களில் பெரும்பாலானவை அமெரிக்க விமானங்கள் என்பதால் இதைக் கோட்டை விடுவது சுலபம். ஸ்ப்ரூ குச்சியை (கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து, நுனியை உருட்டித் தேய்த்தால் போதும். இறக்கைக்குப் பின்னால் வயிற்றில் ஆயுத அறையின் கதவுக் கோடுகளைக் கீற வேண்டும். இறக்கையின் அடியில் நான்கு ஆயுதத் தாங்கிகள் வேண்டும். முதுகில் ஆன்டெனாக்களின் கூட்டம். இதெல்லாம் பொறுமை இருந்தால் ஆகிவிடும்.

ஜன்னல்தான் மிச்சம். முத்தியால்பேட்டை நண்பர் ஒருவர், "அண்ணே, காக்பிட் கண்ணாடியை விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் எம்-சீல் வச்சு அடைச்சா முடிஞ்சுது" என்பார். எனக்கு ஒப்பவில்லை. எம்-சீல் காய்ந்ததும் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். உப்புத்தாள் போட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முதலில் தேய்ந்து, ஜன்னல் இருந்த இடமெல்லாம் பரு மாதிரி மேடாக நிற்கும். உட்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, வெளியே டால்கம் பவுடரும் ஃபெவிக்விக்கும் குழைத்து அடைத்து, அன்றைக்கே தேய்த்துவிடுவது மேல். ஒரு நாள் விட்டால் அதுவும் கல்லாகிவிடும். 400-இல் தொடங்கி 800, 1500 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சாம்பல் ப்ரைமர் ஒரு கோட் அடித்து, இருட்டில் செல்போன் டார்ச்சை உடம்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பகலில் வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் ஒவ்வொரு ஜன்னலும் தன் நிழலைக் காட்டும். மறுபடி பூச வேண்டியதுதான். பி-8-க்கு முன்பக்கம் இருபுறமும் பார்வையாளருக்கான பெரிய ஜன்னல் உண்டு. அதற்கு இடம் குறித்துக்கொண்ட பிறகு மற்றதை அடையுங்கள்.

நேத்ராவில் இந்தப் பாடு பாதிதான். அது எம்ப்ரேயர் 145-இன் ராணுவ வடிவம். 1/144 அளவில் ரெவெல் இஆர்ஜே-145 போட்டது. நீளம் 207 மில்லிமீட்டர், இறக்கை 139-தான். பென்சில் மாதிரி ஒல்லியான உடம்பு என்பதால் தேய்க்க வேண்டிய பரப்பே குறைவு. இங்கே வேலை முதுகில். பெங்களூரில் டிஆர்டிஓ-வின் ஆய்வகம் உருவாக்கிய அந்த நீளப் பலகை ராடார், முதுகுக்கு மேலே கால்களில் நிற்கும். முதுகோடு முதுகாக இரண்டு ஆன்டெனா, பக்கத்துக்கு 120 பாகை, மொத்தம் 240. பிளாஸ்டிக் ஷீட்டை மூன்று நான்கு அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் இரண்டு முனையையும் உருட்டித் தேய்த்தால் வடிவம் வந்துவிடும். அதைக் கோணாமல் நிறுத்துவதில்தான் திறமை. கால்களை முதலில் முதுகில் ஒட்டிக் காயவிட்டு, விமானத்தை முன்பக்கத்திலிருந்து வால் இறக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பலகையை ஏற்றுங்கள்.

மூக்குக்கு மேலே முன்னோக்கி நீளும் எரிபொருள் குழாய் நேத்ராவின் அடையாளம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியின் நுனியை நறுக்கினால் அச்சு அசலாக இருக்கும். பின்னால் வயிற்றுப்பக்கம் இருக்கும் துடுப்புகளையும் மறக்காதீர்கள். பயணிகள் வடிவத்தில் அவை இல்லை.

நேத்ராவுக்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முன்பு நம்மவர்கள் அவ்ரோ 748 விமானத்தின் முதுகில் வட்ட ராடார் தட்டை ஏற்றிச் சோதித்தார்கள். 1999 ஜனவரி 11 அன்று அரக்கோணத்துக்கு அருகே அந்த விமானம் விழுந்து, விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக எட்டுப் பேர் இறந்தார்கள். திட்டமும் நின்றுபோனது. பிறகு புதிதாகத் தொடங்கிய முயற்சிதான் 2017 பிப்ரவரியில் விமானப்படைக்கு வந்த நேத்ரா.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் அமெரிக்காவின் ராடார் விமானமான ஈ-3 சென்ட்ரியைக் கொண்டுவருவார். போயிங் 707 கிட்டில் ஒரு தட்டு வைத்தால் தீர்ந்தது என்பார். 9.1 மீட்டர் விட்டமுள்ள தட்டு 1/144-இல் 63 மில்லிமீட்டர். செய்துவிடலாம், ஆனால் அந்த விமானத்துக்கே தனி கிட் இருக்கும்போது எதற்கு? ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: 707 கிட்டிலிருந்து அமெரிக்காவின் உளவு விமானமான ஆர்சி-135 கட்டக் கிளம்பாதீர்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் 707-இன் உடம்பு அகலம் 148 அங்குலம், 135 குடும்பத்துக்கு 144. 737-700-இலிருந்து ஆஸ்திரேலியாவின் ராடார் விமானமான வெஜ்டெயில் கட்டுவது நல்ல வேலை. நமக்கு அதோடு ஒட்டுறவு இல்லை, விட்டுவிடுகிறேன்.

சூப்பர் கான்ஸ்டலேஷனில் வெட்டும் வேலை மிகக் குறைவு. நிஜத்திலும் பயணிகள் விமானத்தையே கண்காணிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள்: ஏர் இந்தியாவில் பறந்து, விமானப்படைக்குப் போய், 1976-இல் கடற்படைக்கு வந்து சேர்ந்த விமானம் அது. அந்த ஆண்டு கோவாவில் உருவான ஐஎன்ஏஎஸ் 312 படைப்பிரிவு அதைக் கொண்டுதான் தொடங்கியது. பிறகு அதே பிரிவு ரஷ்யாவின் டியூ-142-க்கு மாறி, இப்போது பி-8ஐ பறக்கவிடுகிறது. கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒரு கான்ஸ்டலேஷன் இன்றும் நிற்பதால் படத்துக்குக் குறைவில்லை. 1/144 கிட்டின் இறக்கை விரிவு 260 மில்லிமீட்டர். பி-8ஐ-யின் விரிவும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே பிரிவின் இரண்டு முனைகள் அலமாரியில் நிற்கும். ஆனால் மாற்றிக் கட்டும் வெறியோடு வருபவருக்கு இது சப்பென்று இருக்கும். பெயின்டும், தண்ணீரில் நனைத்து ஒட்டும் படங்களான டீக்காலும்தான் இங்கே முழு வேலை. அதிலும் வெள்ளி நிற உலோகப் பளபளப்பு சின்னக் கீறலைக்கூட மன்னிக்காது.

டோர்னியருக்கு அளவு வேறு. ரெவெல் அதை 1/72-இல் போட்டது. நீளம் 230 மில்லிமீட்டர் வருவதால் அலமாரியில் மற்றவற்றோடு ஒத்துப்போகும், ஒரே அளவுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் மட்டும் முகம் சுளிப்பார்கள். மாற்றம் வயிற்றில் தொங்கும் ராடார் கூடுதான். பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் கரண்டியின் குழியை வெட்டிக் கவிழ்த்து, ஓரத்தைத் தேய்த்தால் வேலை பாதி முடிந்தது. ஜன்னல்கள் குறைவு, அடைக்க வேண்டியதும் குறைவு. புயல் நேரத்தில் கரைக்குத் திரும்பச் சொல்லி மீனவர்களை எச்சரிக்கப் பறப்பது இந்த விமானம்தான். 2015 ஜூன் 8 இரவு கண்காணிப்பு முடித்துச் சென்னை திரும்பிக்கொண்டிருந்த ஒன்று மூன்று பேரோடு காணாமல் போனது. அதன் சிதைவுகளை அடுத்த மாதம் கடலூருக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கண்டெடுத்தார்கள். தேவனாம்பட்டினத்திலோ சோனாங்குப்பத்திலோ போய்க் காட்டினால், இந்த நான்கில் எந்த விமானம் என்று சொல்லாமலே அடையாளம் தெரியக்கூடியது இதுதான்.

நான்குக்கும் பொதுவான இரண்டு விஷயங்கள். நம் படைகளின் வட்டச் சின்னத்தில் வெள்ளை இருக்கிறது. வீட்டு இங்க்ஜெட் பிரின்டரால் வெள்ளை அச்சடிக்க முடியாது. எனவே வெள்ளை டீக்கால் தாளில் அச்சடித்து விளிம்போடு நறுக்குங்கள், அல்லது ஒளி ஊடுருவும் தாளை ஒட்டும் முன் அடியில் வெள்ளை வட்டம் வரைந்துகொள்ளுங்கள். அச்சடித்ததும் கிளியர் கோட் அடிக்காவிட்டால் தண்ணீரில் போட்டவுடன் மை கரைந்து ஓடும். அடுத்தது ஈரக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் கடற்கரை ஊரில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் மேலே பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். பி-8ஐ-யின் வெளிர் சாம்பலில் அது திட்டுத்திட்டாகத் தெரியும். அந்த மாதங்களில் வெட்டு, ஒட்டு, தேய்ப்பு வேலைகளை முடித்துக்கொண்டு பெயின்டைத் தைக்குத் தள்ளிவைப்பது நல்லது.

முதல் முறை கட்டுபவர் என்றால் நேத்ரா எடுங்கள். சேர்ப்பது கண்ணுக்குத் தெரியும், அழிப்பது குறைவு, கிட் கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை. பி-8ஐ இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கட்டும். பெயின்டில் கை தேர்ந்தவருக்குக் கான்ஸ்டலேஷன். டோர்னியர் கிட் மட்டும் எங்காவது கண்ணில் பட்டால் இந்த வரிசையைப் பார்க்காமல் வாங்கிப் போட்டுவிடுங்கள். 737 எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.