ஹெலிகாப்டரா, டில்ட்ரோட்டரா? கியர் பாக்ஸ் பக்கமிருந்து ஓர் அலசல்

ஹெலிகாப்டர் முன்னோக்கிப் பறக்கும்போது ஒரு பக்கத்து பிளேடு காற்றை எதிர்த்து வருகிறது, மறுபக்கத்து பிளேடு பின்வாங்கிப் போகிறது. வேகம் கூடக்கூட, பின்வாங்கும் பிளேடுக்குக் கிடைக்கும் காற்று குறைந்து, கடைசியில் அது தூக்குவதையே விட்டுவிடும். அதனால்தான் வழக்கமான ஹெலிகாப்டர்கள் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டியே நின்றுபோகின்றன.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று டில்ட்ரோட்டர்: இறக்கையின் இரு முனைகளிலும் உள்ள ரோட்டர்கள் (சுழலும் பிளேடுத் தொகுதிகள்) மேலே பார்த்தபடி விமானத்தைத் தூக்கும். அப்புறம் முன்பக்கம் சாய்ந்து இழுக்கும், எடையை இறக்கை தாங்கிக்கொள்ளும். இன்னொன்று, ஒரே தண்டில் ஒன்றின் மேல் ஒன்றாக எதிரெதிராகச் சுற்றும் இரட்டை ரோட்டர். பின்னாலிருந்து தள்ள ஒரு புரொப்பெல்லர்.

அமெரிக்கத் தரைப்படை இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தது. இரட்டை ரோட்டர் வைத்த டிஃபையன்ட் மணிக்கு 450 கிலோமீட்டரைத் தாண்டியது. பெல் நிறுவனத்தின் டில்ட்ரோட்டரான வேலர் 555 கிலோமீட்டரைத் தொட்டது. 2022 டிசம்பரில் வேலர்தான் தேர்வானது. வேகத்தை மட்டும் பார்த்தால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

ஓசூரில் கியர் வெட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவன் என்பதால் என் கண் கியர் பாக்ஸுக்குத்தான் போகிறது. டில்ட்ரோட்டரில் ஒரு பக்க இன்ஜின் நின்றால் மறுபக்க இன்ஜினே இரண்டு ரோட்டரையும் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அதற்காக இறக்கைக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஷாஃப்ட் (சுழல் தண்டு) ஓடுகிறது. பறக்கும்போது இறக்கை வளையும் என்பதால் ஒரே கம்பியாகப் போட முடியாது. துண்டு துண்டாக, வளைவுக்கு இடம் கொடுக்கும் கப்ளிங்குகளோடு போட வேண்டும். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச். அமெரிக்கப் படைகள் ஓட்டும் டில்ட்ரோட்டரான ஆஸ்ப்ரே விமானத்தில் இந்த கிளட்ச் வழுக்கி, திடீரென மறுபடி பிடிப்பது பெரிய தலைவலியாக இருந்தது. 2022 ஜூனில் கலிஃபோர்னியாவில் ஐந்து பேர் இறந்த விபத்துக்கு அதுவே காரணம். பிறகு 800 மணி நேரத்துக்கு மேல் ஓடிய கிளட்ச் தொகுதிகளை மாற்றச் சொன்னார்கள்.

எங்கள் பட்டறையில் கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கும்போது காந்த பிளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் பார்ப்போம். மசி மாதிரி தூள் இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் உறுத்தும் செதில் இருந்தால் உள்ளே பல் உடைகிறது என்று பொருள். ஆஸ்ப்ரேயிலும் இதே ஏற்பாடு உண்டு: பொடித் தூளை மின்சாரம் பாய்ச்சி எரித்துவிடும், எரியாத செதில் சிக்கினால் விமானிக்கு எச்சரிக்கை போகும். 2023 நவம்பரில் ஜப்பானின் யாகுஷிமா அருகே எட்டு பேரோடு விழுந்த ஆஸ்ப்ரேயில் எச்சரிக்கை ஒரு முறையல்ல, பல முறை வந்தது. இடப்பக்க கியர் பாக்ஸில் ஒரு பினியன் (சிறிய பற்சக்கரம்) விரிசல் விட்டு உடைந்திருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு பினியனையும் கூடுதலாக ஒரு முறை திருப்பிப் பார்க்கிறேன்.

ஹெலிகாப்டரிலும் கியர் பாக்ஸ் உடைந்தால் ஆபத்துதான். ஆனால் இன்ஜின் மட்டும் நின்றால், கீழிருந்து வரும் காற்றில் ரோட்டரைச் சுழலவிட்டு இறக்கிவிட முடியும். சிறிய, முறுக்கிய பிளேடுகள் கொண்ட டில்ட்ரோட்டருக்கு அது சரியாக வராது.

செங்குத்தாக வேகமாக இறங்கினால் ரோட்டர் தான் தள்ளிய காற்றிலேயே சிக்கிக்கொள்ளும் சிக்கல் இரண்டுக்கும் உண்டு. ஹெலிகாப்டர் அப்படியே கீழே போகும். டில்ட்ரோட்டரில் ஒரு ரோட்டர் முதலில் சிக்கினால் புரண்டுவிடும். 2000 ஏப்ரலில் அரிசோனாவில் 19 பேர் அப்படித்தான் இறந்தார்கள். ரோட்டரைச் சட்டென்று முன்னே சாய்த்துத் தப்பிக்கும் வசதியும் டில்ட்ரோட்டருக்கே உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இறங்கும் இடத்துக்கு வருவோம். நம் நாட்டிலேயே செய்யும் துருவ் ஹெலிகாப்டரின் அதிகபட்ச எடை 5,500 கிலோ, ரோட்டர் விட்டம் 13.2 மீட்டர். ரோட்டர் வட்டத்தில் சதுர மீட்டருக்கு 40 கிலோ. இந்தக் கணக்கு கூடக்கூட கீழே அடிக்கும் காற்றும் கூடும். ஆஸ்ப்ரேயின் எடை 23,800 கிலோவை ஒட்டி, ரோட்டர் விட்டம் 11.6 மீட்டர்தான். இரண்டு ரோட்டர் இருந்தும் சதுர மீட்டருக்கு 110 கிலோவுக்கு மேல் வருகிறது. மந்திரி வருகைக்குப் பள்ளி மைதானத்தில் டேங்கர் லாரி வைத்துத் தண்ணீர் தெளிப்பதைத் தர்மபுரியில் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். அதைவிட வலுவான காற்று பெட்டமுகிலாளம் மலைக்கிராமத்தின் ராகிக் கொல்லையில் இறங்கினால் ஓட்டுக்கூரை தாங்காது. ஆஸ்ப்ரேயில் இன்ஜினும் சேர்ந்து சாய்வதால் சூடான புகையும் தரையில் அடிக்கும். வேலரில் இன்ஜின் படுத்தபடியே இருக்கும், ரோட்டர் மட்டும் சாயும். இந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சரி, நம் ஊருக்கு எது? தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு வான்வழியில் 110 கிலோமீட்டர் சொச்சம்தான். தொப்பூர் கணவாயில் அடிபட்டவரை அங்கே கொண்டுபோக ஹெலிகாப்டரே போதும். டில்ட்ரோட்டர் மிச்சம் பிடிக்கும் சில நிமிடங்களுக்கு அந்தச் சிக்கலான கியர் பாக்ஸ் தேவையில்லை. சென்னை 250 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு மேல் போனால் என் ஓட்டு வேலர் ரகத்துக்குத்தான், அதுவும் அதன் கியர் பாக்ஸை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு.