2020 ஆஸ்கர்: ஒன்பது படங்கள், என் வரிசை

2020 பிப்ரவரியில் நடந்த 92ஆவது ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கு ஒன்பது படங்கள் மோதின. அவ்வளவு வலுவான பட்டியல் அபூர்வமாகத்தான் அமையும். இந்த விருதுக்கு வாக்காளர்கள் படங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். முதலிட வாக்கு மிகக் குறைவாக வாங்கிய படம் விலகும். அந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். நானும் அதேபோல வரிசைப்படுத்தினேன். சொல்லும் விதம் கதையோடு எவ்வளவு ஒன்றிப்போயிருக்கிறது என்பது மட்டுமே என் அளவுகோல். முடிவுகளையும் பேசியிருக்கிறேன், பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

முதல் இடம் 'பாரசைட்'. இயக்குநர் போங் ஜூன்-ஹோ இதில் வர்க்கத்தைப் பற்றி யாரையும் பிரசங்கம் செய்ய விடவில்லை, படிக்கட்டுகளைக் காட்டுகிறார். மழை இரவில் ஓர் ஏழைக் குடும்பம் தாங்கள் வேலை பார்க்கும் பணக்காரரின் மேட்டு வீட்டிலிருந்து தப்பி, இறங்கி இறங்கிப் போய்ச் சேர்ந்தால், பாதி தரைக்குக் கீழே இருக்கும் அவர்கள் வீடு சாக்கடை நீரில் மிதக்கிறது. மறுநாள் பணக்கார வீட்டம்மா காரில் உட்கார்ந்து, மழை பெய்ததும் நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்படுகிறார். பெய்தது ஒரே மழைதான். கார் ஓட்டும் அந்த ஏழைக் குடும்பத்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாலே போதும், வசனம் வேண்டியதில்லை. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று இந்த விருதை வென்றது அதுவே முதல் முறை. அந்தச் சரித்திரத்தை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இதற்குத்தான் முதலிடம்.

அதற்கு நேர் போட்டி முதல் உலகப் போர்ப் படமான '1917'. கோல்டன் குளோப், பாஃப்டா எல்லாம் வாங்கி, ஆஸ்கருக்கும் அதுவே முன்னணியில் இருந்தது. ஆனால் என் வரிசையில் ஐந்தாவது. ஒரே ஷாட் போலத் தெரியும் ஒளிப்பதிவு அசாதாரணமானது. ரோஜர் டீக்கின்ஸுக்குக் கிடைத்த விருதில் எனக்கு மறுப்பே இல்லை. எரியும் ஊருக்குள் வெளிச்சக் குண்டுகள் ஏறி இறங்க, நிழல்கள் நீண்டு சுருங்கும் அந்த இரவுக் காட்சியில் மூச்சு நின்றது. மற்ற இடங்களில் கேமரா எப்படி இங்கே வந்தது என்ற யோசனை வந்துவிடுகிறது. வந்த நொடியே நான் போர்க்களத்தை விட்டு வெளியேறிவிடுகிறேன்.

இரண்டாவது 'தி ஐரிஷ்மேன்'. மூன்றரை மணி நேரம் நீளம் என்று பலருக்கும் குறை. கணினியில் இளமையாக்கப்பட்ட முகங்களோடு உடல் அசைவு ஒட்டவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். நீளத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூலிக் கொலையாளியான நாயகனின் வளர்ந்த மகள் பெக்கி பேசுவது மிகக் கொஞ்சம். அவர் கொன்ற நண்பர், தொழிற்சங்கத் தலைவர் ஹோஃபாவின் மனைவிக்கு ஏன் இன்னும் போன் செய்யவில்லை என்று அப்பாவிடம் கேட்கும் அந்த 'ஏன்' அவ்வளவு கனமாக விழுவதற்கு, அதற்கு முந்தைய மணி நேரங்கள் எல்லாமே தேவை. 10 பரிந்துரைகள் பெற்றும் ஒரு விருதுகூடக் கிடைக்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது 'லிட்டில் விமன்'. பழைய நாட்கள் இளஞ்சூடான நிறத்தில், பிந்தைய நாட்கள் வெளிறிய நிறத்தில். நாயகி ஜோ மாடியிலிருந்து இறங்கி ஓடி வருகிறாள், தங்கை பெத் பிழைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் அதே படிகளில் மறுபடி இறங்குகிறாள், அம்மா மட்டும் தனியாக இருக்கிறார். காலங்களைக் கலைத்து அடுக்கியதன் பலன் இதுதான். கிரேட்டா கெர்விக்குக்கு இயக்குநர் பரிந்துரைகூட இல்லாதது பெரிய அநியாயம்.

அடுத்து 'மேரேஜ் ஸ்டோரி'. கணவனைப் பற்றி எழுதி, தொடக்கத்தில் மனைவி படிக்க மறுத்த குறிப்பைக் கடைசியில் கணவன் தட்டுத்தடுமாறிப் படிப்பது ஒன்றே இதை நான்காம் இடத்தில் வைக்கப் போதும்.

'ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஹாலிவுட்' ஆறாவது. தன் படத்தையே தியேட்டரில் உட்கார்ந்து ரசிக்கும் நடிகை ஷரோன் டேட்டாக மார்கோ ராபி மனத்தை அள்ளுகிறார். கடைசி வன்முறை எனக்கு ஒப்பவில்லை. 'ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி' ஏழு, பந்தயக் காட்சிகளின் படத்தொகுப்புக்காக. 'ஜோஜோ ராபிட்' எட்டு.

கடைசி இடம் 'ஜோக்கர்'. அந்த ஆண்டு அதிகப் பரிந்துரைகள், 11, இதற்குத்தான். நாயகன் வாக்கீன் ஃபீனிக்ஸின் உடலும் ஹில்டுர் குட்னடோட்டிரின் செல்லோ இசையும் ஏற்கெனவே உணர்த்திவிட்டதை, டிவி நிகழ்ச்சிக் காட்சியில் திரைக்கதை திரும்பவும் வாய்விட்டு விளக்குகிறது. படம் வாங்கிய இரண்டு விருதுகளும் அந்த இருவருக்கே போனது நியாயம்.