டீசலா, பெட்ரோலா? ஆண்டுக்கு 35,000 கிலோமீட்டர் ஓட்டுபவனின் அனுபவம்

நாமக்கல்லில் கோழித் தீவனச் சேர்க்கை மருந்துகள் விற்கும் வேலை எனக்கு. ஒரு நாள் திருச்செங்கோடு, ஈரோடு, பெருந்துறை வழியாகப் பல்லடம், உடுமலை என்று கறிக்கோழிப் பண்ணைகள். இன்னொரு நாள் சேலத்தைத் தாண்டி, தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி. நடுவில் பரமத்தி வேலூர், கரூர். ஆண்டுக்கு 35,000 கிலோமீட்டருக்குக் குறையாது. டிக்கியில் எப்போதும் மருந்துப் பெட்டிகளும் சாம்பிள் மூட்டைகளும் இருக்கும். முதலில் ஓட்டியது 2013 மாடல் டிசையர் டீசல். இப்போது ஓட்டுவது நான்கு மீட்டருக்கு உட்பட்ட 1.5 லிட்டர் பிஎஸ் 6 (2020-இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல். மீட்டர் ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறது. வீட்டில் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றும் உண்டு. மனைவி பள்ளிக்கூடம் போய்வருவது அதில்தான். என் வண்டி சர்வீஸுக்குப் போகும் நாட்களில் அதை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போவேன். அதனால் ஒரே சாலையில், ஒரே லோடில் இரண்டையும் ஓட்டிய பழக்கம் இருக்கிறது.

கார் வாங்கப் போகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மாதம் இத்தனை கிலோமீட்டர் ஓட்டினால் டீசல் லாபமா? பத்து வருஷத்துக்கு முன்பு அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொன்னால் போதும். இன்று அது போதாது.

2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்க்கும் கீழே. 32 ரூபாய் இடைவெளி. லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் வண்டியையும் 20 கொடுக்கும் டீசல் வண்டியையும் அந்த விலையில் வைத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 80 காசு டீசலில் மிச்சம். அதில் பாதிக்கு மேல் பங்க் விலை வித்தியாசத்தால் வந்தது. அரசு டீசல் விலையைத் தாங்கிப் பிடித்த காலம் அது. 2013 ஜனவரியிலிருந்து டீசலுக்கு மாதம் 50 காசு என்று ஏற்ற ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 2025-இல் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி, டீசல் 92 ரூபாய் சொச்சம். இடைவெளி எட்டு, எட்டரை ரூபாய். அதே 15, 20 மைலேஜுக்கு அந்த விலையிலும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு மிச்சமாகிறது. ஆனால் அந்த 2 ரூபாய் 10 காசில் 1 ரூபாய் 70 காசு வரை இன்ஜின் சம்பாதித்துக் கொடுப்பது. பங்க் விலையால் வருவது மீதி 40 காசுதான். அன்று டீசல் போட்ட எவருக்கும் லாபம் கிடைத்தது. இன்று அந்த இன்ஜினை அதற்கு ஏற்ற சாலையில் ஓட்டுகிறவருக்குத்தான் கிடைக்கிறது. நான் டீசல் வாங்கச் சொல்வதும், வேண்டாம் என்று தடுப்பதும் இதை வைத்துத்தான்.

வாங்கும் விலையில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கு வாழ்நாள் வரி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஒரே மாடலில் பெட்ரோல் ஒன்பதரை லட்சம், டீசல் 10 லட்சத்து 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஷோரூமில் சொல்லும் வித்தியாசம் 1 லட்சத்து 30 ஆயிரம். வரியில் மட்டும் கூடுதலாக ஏறக்குறைய 71,000. ஆக, டீசலுக்கு முதலிலேயே கூடுதலாக நாம் போடுவது 2 லட்சம். பராமரிப்பிலும் டீசலுக்குச் சற்றுக் கூடும். ஆயில் அதிகம் பிடிக்கும், டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டும், பேட்டரி பெரியது. கிலோமீட்டருக்கு 25 காசு அதற்குக் கழித்துவிட்டால், போட்ட 2 லட்சம் திரும்பி வர ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். எனக்கு அது மூன்று வருஷம். ஆண்டுக்குப் பத்தாயிரம் ஓட்டுகிறவருக்குப் பத்து வருஷத்துக்கு மேல். இரண்டு விலையும் 10 லட்சத்துக்குள் அடங்கினால் 80,000 கிலோமீட்டரில் கணக்கு நேராகிவிடும். எனவே வேரியன்ட் தேர்ந்தெடுக்கும்போது சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

பணத்தை விட்டுவிட்டு ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன்.

டிசையரில் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியதால் நாட்டின் டீசல் இன்ஜின் என்றே அதற்குப் பட்டப்பெயர் உண்டு. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பல், அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து தள்ளிவிட்டது போலக் கிளம்பும். அந்தப் பழக்கம் பிடிபட்டால் பைபாஸில் 85, 90-இல் நிறுத்திவைத்து லிட்டருக்கு 22 எடுக்கலாம். இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் இன்ஜினைப் பிரிக்கவில்லை. கிளட்ச் ஒரு தரம் மாற்றினேன், சஸ்பென்ஷன் வேலைகள் பார்த்தேன், அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்தியது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ரெனோ என்று பலரும் விலகினார்கள். டொயோட்டா எட்டியோஸும் அத்தோடு போனது. டிராவல்ஸ்காரர்களுக்கு அது பெரிய இழப்பு. சின்ன டீசல் கார் என்ற ஒன்றே ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது எனக்கு இன்னமும் வருத்தம்தான். உழைத்துச் சாப்பிடுகிறவனின் வண்டி அது.

இப்போதைய 1.5 டீசலின் அருமை தொப்பூரில் தெரியும். தருமபுரிப் பக்கமிருந்து இறங்குவதைத்தான் எல்லோரும் பேசுவார்கள், விபத்துகள் அங்கேதான். நான் சேலத்திலிருந்து ஏறுவதைச் சொல்கிறேன். டிக்கி நிறைய லோடு, ஏசி ஓடுகிறது, முன்னால் டிரெய்லர் லாரிகள் வரிசை. டீசலில் நான்காவது கியரிலேயே 1,800 ஆர்பிஎம்மில் ஏறிக்கொண்டிருப்பேன். இடைவெளி கிடைத்தால் லேசாக மிதித்தால் போதும். அதே இடத்தில் வீட்டு 1.2 பெட்ரோலை மூன்றுக்கும் இரண்டுக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜின் கத்தும், மைலேஜ் 12-க்கு வந்துவிடும். தட்டையான சாலையில் ஒருவனாகப் போனால் அதே பெட்ரோல் கார் 18 கொடுக்கிறது. லோடும் ஏற்றமும் சேரும்போது பெட்ரோல் இழப்பது அதிகம், டீசல் இழப்பது குறைவு. டர்போ பெட்ரோலில் இழுவைக்குக் குறையில்லை, ஆனால் மிதித்தால் குடிக்கிறது. நண்பரின் டர்போ பெட்ரோலைக் கிருஷ்ணகிரி வரை ஓட்டிப் பார்த்தேன். நிதானமாகப் போகையில் 17, அவர் ஓட்டுகிற வேகத்தில் 13.

காரணம் புரியாத விஷயமில்லை. டீசல் இன்ஜினில் காற்றை 16 பங்கு வரை, அதற்கு மேலும் அழுத்துகிறார்கள். பெட்ரோலில் பொதுவாகப் பத்துப் பதினொன்று. பெட்ரோலைப் போலக் காற்றுப் பாதையைக் குறுக்கி வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் டீசலில் கிடையாது. லிட்டருக்கு லிட்டர் டீசலில் சக்தியும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எங்கள் வீட்டுக் கார் 2018 மாடல், இ20-க்கு முந்தியது. முன்பு வந்த மைலேஜ் அதில் இப்போது வருவதில்லை.

டீசலில் என்னைக் களைப்படைய வைப்பது சத்தமும் அதிர்வும். ஐடிலிங்கில் ஸ்டியரிங் வழியாகக் கை உணரும். பைபாஸ் வேகத்தில் தெரியாது. டவுனுக்குள் பெட்ரோல் காரில் ஏறி உட்கார்ந்தால் அந்த அமைதி எவ்வளவு சுகம் என்பது புரியும். தினமும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி டிபிஎஃப். பிஎஸ் 6 டீசல் வாங்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். சைலன்சர் குழாயில், புகையில் வரும் கரித்தூளைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் அது. பிடித்ததை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். இதை ரீஜென் என்கிறோம். வண்டி தொடர்ந்து ஓடினால்தான் அந்தச் சூடு நிற்கும். என் ஓட்டத்தில் இது எப்போது நடக்கிறது என்றே பெரும்பாலும் தெரிவதில்லை. சில நாள் பண்ணை வாசலில் நிறுத்தும்போது ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறி நிற்கும், மீட்டரில் மைலேஜ் திடீரென்று குறைந்திருக்கும், கருகல் வாசம் வரும், ஃபேன் இரைந்து ஓடும். அப்படியென்றால் ரீஜென் நடந்துகொண்டிருக்கிறது. அவசரம் இல்லாவிட்டால் நான் இன்ஜினை அணைக்காமல் இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவேன். பாதியில் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் கரி சேர்ந்து விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் பவர் குறைந்து வண்டி ஊர்ந்துதான் போகும்.

ரீஜெனுக்காக இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். அடிக்கடி பாதியில் நின்றால் அதில் ஒரு பகுதி ஆயிலோடு கலந்துவிடும். அதனால் டீசல் வைத்திருப்பவர்கள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால் சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆயிலும் டிபிஎஃப் வண்டிக்கென்று வரும், சாம்பல் குறைந்த ரகமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் லாரிப் பட்டறைகளில் டீசல் இன்ஜினைக் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுமே கார் டிபிஎஃப் என்றால் ஆயில் டப்பாவைத் திருப்பி கிரேடு பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள். சில கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்ய, லாரிக்காரர்கள் யூரியா என்று சொல்லும் டிஇஎஃப் திரவமும் ஊற்ற வேண்டியிருக்கும். அதன் செலவு சிறியது. ஆனால் தீரவிட்டால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர் நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டே டீசல் எடுத்தார். ஆனால் அவர் ஓட்டம் வேறு. மேடவாக்கத்திலிருந்து அலுவலகம், பிள்ளைகளின் டியூஷன், மறுபடி வீடு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் வந்துவிடும். எல்லாம் ஐந்து, ஆறு கிலோமீட்டர் துண்டுகள். இரண்டாம் வருஷத்திலிருந்து டிபிஎஃப் விளக்கு அவர் பிடறியில் உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையே இல்லாமல் மகாபலிபுரம் வரை ஓட்டிவிட்டு வருவார். போனில், "மாப்ள, வண்டிக்காக நான் ஓடறேன்டா" என்றார். ஊருக்குள்ளும் டீசல் மைலேஜ் பெட்ரோலைவிடக் கூடுதல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அடைத்துப்போன ஃபில்டரை ஒரு முறை மாற்றினால் பல வருஷ மிச்சம் அதோடு போகும். மாதம் ஆயிரம் என்ற எண்ணை மட்டும் கேட்டு யாருக்கும் டீசல் சொல்லாதீர்கள். அந்த ஆயிரம் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது அரை மணி நேரம் விடாமல் 60-க்கு மேல் ஓடுமானால் பயமில்லை.

பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் பற்றியும் கேட்கிறார்கள். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான் அதன் முழு மிச்சமும் இருக்கிறது. பிரேக் பிடிக்கும் சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. கரூர் பைபாஸில் பிரேக்கே பிடிக்காமல் போகும்போது அந்தப் பலன் குறையும். சென்னை நண்பரின் ஓட்டத்துக்கு அது பொருந்தும், விலை கைக்கு எட்டினால். சிஎன்ஜி எடுத்தால் கேஸ் சிலிண்டர் போக என் மூட்டைகளுக்கு டிக்கியில் போதிய இடமில்லை.

நான் அடுத்து எடுப்பதும் டீசலாகத்தான் இருக்கும். மனைவியின் காருக்குப் பதில் எடுப்பது நிச்சயம் பெட்ரோல்.

பழைய டீசல் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. டில்லி வட்டாரத்தில் பத்து வருஷ டீசல்களுக்குத் தடை என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து வயதான டீசல்களை அங்கிருந்து வேறு மாநிலங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். விலை மலிவு என்று மயங்காமல் ஆர்சி எந்த ஊருடையது என்று பாருங்கள். அதிகம் ஓடிய வண்டி என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஐந்து வருஷத்தில் ஒன்றரை லட்சம் பைபாஸில் ஓடிய டீசல், அதே ஐந்து வருஷத்தில் முப்பதாயிரம் டவுனில் ஓடிய டீசலைவிட உள்ளே ஆரோக்கியமாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வீஸ் ரெக்கார்டில் தேதிகளுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தாலே அது எப்படிப்பட்ட ஓட்டம் என்று தெரிந்துவிடும். டிபிஎஃப் தொல்லையிலிருந்து தப்பிக்க சிலர் அதை வெட்டியெடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கையும் மாற்றிவிடுகிறார்கள். சட்டப்படி தவறு, அந்தப் புகை பின்னால் ஸ்கூட்டரில் வரும் பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகிறது. கண்டுபிடிப்பது எளிது. பிஎஸ் 6 வண்டி ஆறியிருக்கும்போது சைலன்சர் குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் விரலில் பெரிதாக எதுவும் ஒட்டாது. கரி அப்பிக்கொண்டு வந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.