ஃபெரிக் குளோரைடு: செம்புலப் பெயல்நீர் தகட்டில் இறங்க

செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும் குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எட்சிங்காக (உலோகத் தகட்டை ரசாயனத்தால் அரித்து அச்செடுக்கும் படமாக) செய்ய ஆசைப்படுகிறவர்கள் துத்தநாகத் தகட்டையும் நைட்ரிக் ஆசிடையும் தேட வேண்டாம். அதில் குமிழி கிளம்பிக் கோட்டின் ஓரம் பிசிறும், புகையும் வரும். செப்புத் தகட்டில் ஃபெரிக் குளோரைடு சத்தமில்லாமல், சுத்தமாக அரிக்கும். ஐந்துக்கு நான்கு தரலாம்.

சர்க்யூட் போர்டுக்காகச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்கும் கட்டியே போதும். பை கிழிந்து ஈரம் இழுத்திருந்தால் வாங்காதீர்கள், எடைக் கணக்கு தவறும். லிட்டருக்கு அரைக் கிலோ. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்; மாற்றிச் செய்தால் சூடேறித் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இதன் பெரிய குறை வண்டல். கோட்டுக்குள் பழுப்புச் சேறு படிந்ததும் அரிப்பு நின்றுவிடும். தகட்டைக் கவிழ்த்துப் போடுங்கள். இல்லையென்றால் எடின்பரோ முறை: ஒரு பங்கு சிட்ரிக் ஆசிடை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலில் ஒரு பங்கை நான்கு பங்கு ஃபெரிக் கரைசலில் சேர்த்தால் சேறு கரைந்துபோகும்.

இந்தப் பாட்டுக்கு இதைச் சொல்வதற்கு உண்மையான காரணம் ஸ்பிட் பைட், அதாவது தகட்டை முக்காமல் அரிக்கும் கரைசலை வேண்டிய இடத்தில் மட்டும் நேரடியாக இடும் முறை. தகட்டைச் சாக்பீஸ் பொடியும் வினிகரும் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பிறகு, ரோசின் (பைன் மரப் பிசின்) பொடி தூவி, அடியில் சூடு காட்டி ஒட்டவையுங்கள். மழை விழவேண்டிய இடத்தைத் தூரிகையால் நனைத்து, நடுவில் ஃபெரிக்கைச் சொட்டுங்கள். செந்நிறத் துளி தண்ணீருக்குள் நூல் நூலாகப் பிரிந்து போகும், ஓரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. புலவருக்குப் பெயரே வாங்கிக்கொடுத்த உவமை தகட்டின் மேலேயே நடக்கிறது! தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் பிசுக்கு போகவில்லை என்று அர்த்தம். நேரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது, கரைசலின் நிறம் மறைத்துவிடும். அதே செம்பில் ஒரு துண்டை வெட்டி, ஒன்று, மூன்று, ஆறு நிமிடம் என்று முதலில் சோதித்துவிடுங்கள்.

அச்சுக்குப் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) மை, ஊறவைத்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம். தகட்டின் ஓரத்தை அரத்தால் சாய்வாக ராவாவிட்டால் காகிதம் கிழியும்.

ஒரு மதிப்பெண் குறைவது கழிவுக்காக. ஸ்டீல் தொட்டியை இது தின்றுவிடும், அலுமினியத்தில் பட்டால் கொதிக்கும். பழைய கரைசலில் செம்பு இருப்பதால் சாக்கடையில் ஊற்றவே கூடாது. நுரை அடங்கும்வரை சலவை சோடா சேர்த்து, தெளியவைத்து, அடிச்சேற்றைத் தனியே மூடிவைத்து ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.