கான் அகாடமி: வீட்டுக் கல்வியில் கணக்குக்கு இது போதுமா?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்கு அதிகம் பயம் காட்டும் பாடம் கணக்கு. அதற்குப் பலர் நம்புவது கான் அகாடமியை. சால் கான் 2008இல் தொடங்கிய, லாப நோக்கமற்ற இணையக் கல்வித் தளம்; பாடங்களுக்குக் கட்டணம் இல்லை. பயிற்சிக் களமாக அருமை. ஆசிரியர் வேலையையும் அதன் தலையில் கட்டினால்தான் சிக்கல்.

வீட்டுக் கல்வியில் பெரிய வசதியே பிள்ளையின் வேகத்துக்குப் பாடம் நகர்வதுதான். அதற்கு இத்தளம் நன்றாகக் கைகொடுக்கிறது. வயதை வைத்து வகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு வகுப்பு கீழே இறங்கி, அந்த வகுப்புப் பாடம் முழுவதையும் சோதிக்கும் 'கோர்ஸ் சேலஞ்ச்' தேர்வை எழுதச் சொல்லுங்கள், 30 கேள்விகள். எந்த அலகில் தடுமாற்றம் என்று பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும். தளத்தில் பெற்றோருக்கான பயனர் கணக்கோடு நிற்காமல் ஆசிரியருக்கான பயனர் கணக்கு ஒன்றும் திறந்து, அதில் உருவாக்கும் 'வகுப்பில்' பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். பயிற்சிகளைக் கெடு வைத்துக் கொடுக்கலாம், எந்தக் கேள்வியில் சறுக்கியது என்றும் பார்க்கலாம்.

இனி பலவீனம். ஒரு பயிற்சியில் 70 சதவீதம் சரியென்றால் 'ஃபெமிலியர்' (ஓரளவு பழக்கம்) என்ற நிலை, முழுக்கச் சரியென்றால் 'ப்ரொஃபிஷியன்ட்' (தேர்ச்சி). 'மாஸ்டர்ட்' (முழுத் தேர்ச்சி) நிலைக்கு அலகுத் தேர்வு போன்றவற்றிலும் சரியாகப் போட வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பயிற்சிகள் குட்டியானவை, எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி போடலாம். விடைக்கு வழிகாட்டும் குறிப்பைத் (ஹின்ட்) திறந்தால் அந்தக் கேள்வி தவறாகவே கணக்கில் வரும்; இருந்தாலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் குறிப்பிலிருந்து வழியை உருவிக்கொண்டு, அடுத்த சுற்றில் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டு நூறு வாங்கிவிடுவார்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஊகமே பாதி வேலையை முடித்துவிடும்.

1/2 + 1/3 = 2/5 என்று பிள்ளை போடுகிறது என்று வையுங்கள். தவறு என்று தளம் சொல்லும், சரியான வழியையும் படிப்படியாகக் காட்டும். மேலே உள்ளதைத் தனியாகவும் கீழே உள்ளதைத் தனியாகவும் கூட்டியதுதான் கோளாறு என்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். "அரையே 5/10. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு 2/5, அதாவது 4/10 ஆகக் குறையுமா?" என்ற ஒரு கேள்வி, இரண்டு காணொளிகளைவிட வேலை செய்யும்.

ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு கட்டாயம். ஒவ்வொரு கணக்கும் அதில் படிகளோடு எழுதப்பட வேண்டும், விடையை மட்டும் திரையில் தட்டினால் போதும். திருத்த வேண்டியது நோட்டைத்தான், சதவீதத்தை அல்ல. ஒரு வாரம் கழித்து அதே வகையில் மூன்று கணக்கை வெறுந்தாளில் கொடுத்துப் பாருங்கள். தடுமாறினால் 'மாஸ்டர்ட்' என்று இருந்தாலும் அந்த அலகை மறுபடி திறக்க வேண்டியதுதான்.

அறிவியல் காணொளிகள் தெளிவு, ஆனால் செய்முறைக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். கட்டுரை எழுதவும் நாலு பேரோடு வாதாடவும் பழக வேறு இடம் தேடுங்கள்.

பாட வரிசை பெரும்பாலும் அமெரிக்கப் பாடத்திட்டத்தை ஒட்டியது. பின்னால் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள் ஒன்றிரண்டையும் ஓராண்டு முன்பே வாங்கி வைத்து, விடுபட்ட தலைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.