கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வந்த ஐந்து கோட்டுகள்

அண்ணன் கல்யாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழன். என்னோடு சித்தப்பா பையன், மாமா பையன், அண்ணனின் நண்பர்கள் இரண்டு பேர். அண்ணன் தன்னுடைய சூட்டை வேறு இடத்தில் முன்பே தைத்து வைத்துவிட்டான். "உங்க அஞ்சு பேர் டிரஸ் உன் பொறுப்புடா. ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்" என்றான். மொத்தக் கல்யாணத்திலும் அவன் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதில் போய் ஏமாந்தேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. அது தெரிந்து அந்த ஒரு கடையைத் தவிர்ப்பதைவிட, அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு அதிகம் உதவும்.

கல்யாணத்துக்கு ஒன்பது வாரம் முன்னால் ஐந்து பேரும் போய் அளவு கொடுத்தோம். கடை பளபளவென்று இருந்தது. முதலாளி மென்மையாகப் பேசினார். சுத்தமான கம்பளித் துணி, 'சூப்பர் 120' ரகம், ஐந்தும் ஒரே சுருளிலிருந்து வெட்டுவோம், மார்புப் பகுதியில் உள்ளே கான்வாஸ் (கோட்டுக்கு வடிவம் கொடுக்கும் விறைப்பான உள்துணி) வைத்துத் தைப்போம் என்றார். மூன்று வாரம் முன்னால் ட்ரையல், ஒரு வாரம் முன்னால் டெலிவரி. முழுப் பணமும் இப்போதே கட்டினால் தள்ளுபடி உண்டாம். கட்டிவிட்டேன், அதுவும் அவருடைய சொந்தக் கணக்குக்கு. ரசீதில் இருந்தது இவ்வளவுதான்: "5 சூட், நீலம்", தொகை, டெலிவரி தேதி. கம்பளி என்று இல்லை, கான்வாஸ் என்று இல்லை, ட்ரையல் தேதியும் இல்லை. வாயால் சொன்னதில் ஒன்றுகூடக் காகிதத்துக்கு வரவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை.

ட்ரையல் தேதி வந்தது. "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார் சார், ரெண்டு நாள்ல கூப்பிடறேன்." இரண்டு நாள் ஆறு நாளானது. பிறகு மெஷின் ரிப்பேர். பிறகு லைனிங் துணி வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் கோபத்தோடு போன் செய்வேன், அவர் அவ்வளவு பணிவாகப் பேசுவார், போனை வைக்கும்போது நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போலிருக்கும். வேறு எங்காவது போகலாம் என்றால் பணம் முழுவதும் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணத் தேதியோ நகராது.

அவருக்கும் அது தெரியும். சோம்பேறித்தனம், வேலை நெருக்கடி என்றுதான் அப்போது நினைத்தேன். தாமதம்தான் அவர்களுடைய தொழில் முறை என்பது பின்னால்தான் புரிந்தது. முன்கூட்டியே கொடுத்தால் நீங்கள் பிரித்துப் பார்ப்பீர்கள், போட்டுப் பார்ப்பீர்கள், திருப்பிக் கொண்டுவருவீர்கள். முந்தின ராத்திரி கொடுத்தால் அதில் ஒன்றுக்கும் நேரமில்லை.

அப்படியேதான் வந்தது. முந்தின நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து போய் வாங்கினேன். போட்டுப் பார்க்கிறேன் என்றேன். "மாஸ்டரே செக் பண்ணிட்டார் சார். இப்பப் பிரிச்சா அயர்ன் கலைஞ்சிடும்" என்றார். ஒரு கவரின் ஜிப்பை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். நீலம்தான். ஐந்தையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

காலையில் வாசலில் ஐந்து பேரும் வரிசையாக நின்றபோதுதான் தெரிந்தது. மூன்று பேர் நீலம். மாமா பையனும் ஒரு நண்பனும் கத்தரிப்பூ நிறம். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். வேறு வேறு சாயத்தில் நனைத்த இரண்டு துணி ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, வெயிலில் பிரிந்துபோவது சகஜம். ஒரே மில், ஒரே நிற எண் என்றாலும் சாயம் போடும் தடவைக்குத் தடவை கொஞ்சம் மாறும். லாட் எண் என்று ஒன்று போடுவதே அதற்காகத்தான். துணியைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மறுக்கிற கடையில் தைக்கக் கொடுக்காதீர்கள்.

சித்தப்பா பையனுக்கு பேண்ட் இடுப்பில் பூட்டவில்லை. பெரியம்மா ஒருத்தர் ஊசி நூலோடு வந்து, பின்தையலைப் பிரித்துக் கொஞ்சம் விடலாம் என்று உள்ளே பார்த்தார். விடுவதற்குத் துணியே இல்லை. ஒழுங்காகத் தைக்கிறவர்கள் அங்கே ஓர் அங்குலமாவது கூடுதலாக விட்டிருப்பார்கள். அவன் அன்று முழுவதும் பெல்ட்டையும் கடவுளையும் நம்பி நின்றான்.

என் கோட்டின் மார்பில் மடிப்பு விழுந்திருந்தது என்று நீராவி அயர்னை வைத்தேன். எடுத்ததும் துணி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. கான்வாஸ் வைத்துத் தைத்திருந்தால் அப்படி ஆகாது. பசையால் ஒட்டிய உள்துணி, சரியாக ஒட்டாததால், சூடும் ஈரமும் பட்டதும் பிரிந்துவிட்டது. பசை வைத்துத் தைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை, விலை குறைந்த கோட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான். கான்வாஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு பசையை வைப்பது வேறு. கடையிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: பட்டன் பக்கத்தில் மேல்துணியையும் உள்மடிப்பையும் தனித்தனியாகக் கிள்ளிப் பிடித்து விலக்குங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவுவது விரலுக்குத் தெரிந்தால் கான்வாஸ்.

இவ்வளவையும் அண்ணனிடம் சொல்ல முடியுமா? அவன் அறைக்குள் போனேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "எல்லாம் ரெடியா?" என்றான். "சூப்பரா இருக்குண்ணா" என்றேன். கூடப் பிறந்தவன் கல்யாணத்தில் அன்றைக்குச் சண்டை போட மாட்டோம், முகம் சுளிக்க மாட்டோம், கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கத்தவும் மாட்டோம். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் அவர்கள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கத்தரிப்பூ நிறத்தின் கதை மதியம் வெளிப்பட்டது. மாமா பையன் கோட்டின் உள்பாக்கெட்டில் கைவிட்டான். ஒரு பல்குத்தும் குச்சி வந்தது. "மச்சான், இது என்னுது இல்லடா" என்றான். லைனிங்கைத் திருப்பினால் ஓரத்தில் எண் எழுதிய சலவைக் குறி. வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த கோட்டைக் கையை மட்டும் குறைத்துப் புதிது என்று கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு கத்தரிப்பூவிலும் அதே மாதிரிக் குறியைப் பிய்த்த ஓட்டைகள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபின் என் பேண்டின் உள்மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவி, கிடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை விலக்கினால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிச் சொட்டி, கறுப்பாகக் கெட்டி மணியாக நின்றது. பாலியெஸ்டர். 'சூப்பர் 120' என்பதும் வெறும் அலங்காரப் பெயர் இல்லை, கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிக்கும் எண். 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக்கூடாது, 120 என்றால் 17.75. பாலியெஸ்டர் துணிக்கு அந்த எண்ணைப் போடுவதில் அர்த்தமே இல்லை. துணியின் ஓரத்தில் நெய்திருந்த எழுத்தை நம்பினேன். எழுத்தை எதில் வேண்டுமானாலும் நெய்யலாம் என்று இப்போது தெரிகிறது.

நான்காம் நாள் ஐந்தையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி அதே மென்மையோடு, "போட்டுட்டீங்களே சார். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல?" என்றார். உடுத்திய துணியைத் திரும்ப எடுப்பதில்லையாம். கம்பளி என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றார். காட்ட ஒன்றுமில்லை. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழி இருந்திருக்கும், சொந்தக் கணக்குக்கு நானே அனுப்பிய பணத்துக்கு அதுவும் இல்லை. சலவைக் குறியின் போட்டோவைக் காட்டியபோது மட்டும் முகம் மாறியது. அந்த ஒரு கோட்டின் பணத்தைத் திருப்பித் தந்தார், சத்தம் போடாமல் போகச் சொல்லி. குறியைப் பிய்த்திருந்த இன்னொன்றுக்குத் தரவில்லை.

நீங்கள் தைக்கக் கொடுத்தால், துணியின் வகை, ட்ரையல் தேதி, ட்ரையல் தவறினால் பணம் திரும்ப வரும் என்ற ஒரு வரி, இவை ரசீதில் இருக்கட்டும். பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம். கடையிடம் சொல்லும் கல்யாணத் தேதி நிஜத் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக இருந்தால் இன்னும் நல்லது. அது பொய்தான். எனக்கு அதில் இப்போது கூச்சமில்லை.

போன வாரம் ஆல்பம் வந்தது. அண்ணன் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினான். "நீ ஏன்டா எல்லாப் போட்டோலயும் கையைக் கட்டிக்கிட்டே நிக்கிற?" காலை பத்து மணிக்கே வலது அக்குள் தையல் முழங்கை வரை விட்டுப்போயிருந்தது. ஸ்டைல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.